சூட்டுக்குறி

தோரா லிண்ட்கார்டின் ஏழு நாவல்களிலும்
ஒரே ஆறுதான் ஓடுகிறது.
ஆறாவதில் மட்டும் அது வற்றிப்போகிறது.
அந்த வருடம் அவளுக்குக் கண்புரை.
போய்ப் பார்க்க முடியவில்லை.

நெப்ராஸ்காவின் மணற்குன்றுகளில்
ஆளைவிட மாடு அதிகம்.
சந்தைக்கு ஏறும் ஒவ்வொன்றின் தொடையிலும்
யார் வீட்டுக் குறி என்று பார்த்து எழுதுவது
அவள் உத்தியோகம்.
படுத்துக்கிடக்கும் எட்டு,
சிறகு முளைத்த ஏழு,
தொட்டிலின் மேல் ஒரு கோடு.
முப்பத்தொரு வருடம்.
படிவங்களின் பின்பக்கம் வெறுமையாக இருந்தது.
முதல் நாவல் அதில்தான்.

நியூயார்க்கிலிருந்து பதிப்பாளர் எழுதினார்:
கதை நன்று, இதையே சிகாகோவில் நடத்தலாமா?
தபால் அட்டையில் பதில் போனது:
"எங்கள் மாடுகள் சிகாகோவுக்குத்தான் போகின்றன.
திரும்பி வந்து கதை சொன்னதாக
ஒன்றும் எனக்கு நினைவில்லை."

புத்தகம் வந்தது.
மதிப்புரையில் யாரோ
'வட்டார எழுத்தாளர்' என்றார்.
பழுத்த இரும்பு தோலில் படும் வாசனை
அவளுக்குத் தெரியும்.
மயிர் கருகும், மாடு ஒருமுறை கத்தும்,
பிறகு மேயப் போய்விடும்.
நல்ல மாட்டுக்கு ஒரு சூடு என்பார்கள்.
அவளுக்கு ஏழு,
ஏழும் ஒரே இடத்தில்.

ஊர்க்காரர்கள் விலைக்கு வாங்கவில்லை.
என் நூலகத்தில் இரவல் எடுத்தார்கள்,
கையில் பென்சிலோடு.
பக்கம் 41: குதிரை கறுப்பு. பழுப்பு அல்ல.
பக்கம் 88: பனிப்புயல் செவ்வாய்க்கிழமை.
திங்களன்று என் தங்கைக்குக் கல்யாணம்,
வானம் துடைத்து வைத்ததுபோல் இருந்தது.
பக்கம் 130, வைக்கோல் திருடன் வரும் இடத்தில்
நாலு கையெழுத்தில் நாலு பெயர்கள்.
நாலாவதை எழுதியது அந்த ஆளேதான்,
அபராதக் காசோலைகளில் பார்த்திருக்கிறேன்.

ஒரு பிப்ரவரியில்
தன் புத்தகத்தைத் தானே இரவல் கேட்டாள்.
பதினாறு நாள் தாமதம்.
பதினாறு சென்ட் வாங்கினேன்,
ரசீது கேட்டாள்.

அழித்திருப்பாள் என்று நினைத்துத் திறந்தேன்.
ஒவ்வொன்றின் கீழும் பொடி எழுத்தில்:
சரி. கறுப்பு.
சரி. செவ்வாய்.
கல்யாணத்துக்கு என்னை நீங்கள் அழைக்கவில்லை.
நாலு பெயர்களுக்கும் கீழே:
நால்வரும்தான்.

பக்கம் 212-இல்
ஒருத்தி தன் நான்கு வயது மகளை
மேற்கே போகும் ரயிலில் ஏற்றிவிட்டு
வண்டி நகருமுன் திரும்பி நடக்கிறாள்.
ஓரத்தில் யாரோ:
எந்தத் தாயும் இப்படிச் செய்யமாட்டாள்.
அதன் கீழே பதில் இல்லை.
ஒரு புள்ளி மட்டும்,
பென்சில் முனை அழுந்தி
214 வரைக்கும் ஓட்டை.

இரண்டாம் பதிப்பு வரவேயில்லை.
தோரா போனபோது உள்ளூர்த் தாளில்
வைக்கோல் விலைக்கும்
காணாமல்போன கிடாரிக்கும் நடுவே மூன்று வரி.
வருடா வருடம் கழிவுப் பட்டியலில்
அந்தப் பிரதியின் எண் வரும்.
'இரவலில் உள்ளது' என்று எழுதிவிடுவேன்.

போன இலையுதிர் காலத்தில்
ஒரெகானிலிருந்து ஒரு பெண்மணி வந்தார்,
கையுறையைக் கழற்றாமல்
நின்றபடியே அந்தப் பக்கத்தைப் படித்தார்.
பென்சில் இருக்குமா என்றார்.
நூலகப் புத்தகத்தில் எழுதக்கூடாது என்று சொல்லி
பென்சிலைக் கொடுத்தேன்.
என்ன எழுதினார் என்று
நான் இன்னும் பார்க்கவில்லை.

கதவருகே நின்று கேட்டார்:
அந்த ஆறு நிஜமாகவே வற்றியதா?
இல்லை என்றேன்.
அந்த வருடம் பார்க்க ஆள் போகவில்லை,
அவ்வளவுதான்.

பென்சிலை அவர் திருப்பித் தரவில்லை.