ரெட் ஆக்சைடு

முதுநகர் என்று எங்கள் ஊருக்குப் பெயர்.
பிறந்த பிள்ளைக்கும் இங்கே
முகவரியிலேயே மூப்பு.

அஞ்சலாட்சி வந்தபோது நான்
கரையேற்றிய படகின் அடிவயிற்றுக்குக் கீழே
மல்லாந்து கிடந்தேன், சுத்தியலோடு.
தட்டினால்
நல்ல இரும்பு மணி மாதிரி பேசும்.
அரித்த இரும்பு
தொப் என்னும்.
முப்பத்தெட்டு வருடமாய் இந்தக் காது
அதற்குத்தான் கூலி வாங்குகிறது.

"மாமா, கொஞ்சம் வெளிய வாங்க."
வீட்டுக்காரியின் தங்கை.
தோள்பையில் பன்னிரண்டு பாட்டில்.
கிராம்பெண்ணெய், ஓமவல்லி எண்ணெய்,
எலுமிச்சைப்புல் எண்ணெய்
எல்லாம் கேப்ஸ்யூலுக்குள்
மீன்கண் மாதிரி பளபளத்துக்கொண்டு.
ஒன்று ஆயிரத்து எண்ணூற்று ஐம்பது.

மடித்து மடித்துக் கிழிந்த அட்டையைப் பிரித்து
கல்யாண மண்டபக் கூட்டத்தில்
சொல்லிக்கொடுத்ததை ஒப்பித்தாள்:

"உடம்புக்குள்ளயும் துரு பிடிக்குது மாமா.
நாம இழுக்குற காத்துதான் பிடிக்க வெக்குது.
எலக்ட்ரானைத் தொலைச்சது ஒண்ணு
பக்கத்து வீட்டுல போய்த் திருடுது.
பறிகொடுத்தது அடுத்த வீட்டுல திருடுது.
ஆன்டி ஆக்சிடன்ட் என்ன பண்ணும்னா
தன்னோடதை எடுத்துக் குடுத்துட்டு
திருட்டை அங்கயே நிறுத்திடும்.
வயசு தெரியாது."

துருவைப் பற்றி என்னிடமே பேசுகிறாள்.
ஆனால் தப்பாகப் பேசவில்லை.

சுக்கானுக்குப் பக்கத்தில் கை காட்டினேன்.
போல்ட்டு போட்டு முடுக்கிய துத்தநாகக் கட்டி.
உப்புத்தண்ணீர் முதலில் இதைத்தான் தின்னும்,
இது தீரும்வரை இரும்பைத் தொடாது.
போன தையில் மாட்டும்போது செங்கல் கனம்.
இப்போது எலி கொறித்த சவுக்காரம்.
"வருஷா வருஷம் மாத்தணும்."
"மாத்தலன்னா?"
"அப்புறம் படகுதான்."

அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தெற்கிலிருந்து சிப்காட் வாடை வந்தது,
அழுகிய முட்டையும் பழுத்த பலாவும்
ஒன்றாய்க் கொதித்தது போல.
பேச்சை நிறுத்தி இருவரும் மூச்சையும் நிறுத்தினோம்.
உப்பனாற்றில் காற்று திரும்பியதும் விட்டோம்.
இதற்கு எந்த பாட்டில் என்று
நான் கேட்கவில்லை.

பெயின்ட் டப்பாவைத் திறந்தேன்.
"இந்தச் சிவப்பு என்ன தெரியுமா?
துருதான்.
அரைச்சு, சலிச்சு, எண்ணெயில குழைச்ச துரு.
துரு வராம இருக்க
துருவைத்தான் பூசுறோம்."

"எங்க கம்பெனிக்காரனும் அப்படித்தான் மாமா.
பயம் வராம இருக்க
பயத்தைத்தான் விக்கிறான்."
சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

சிரித்துத் தலை சாய்த்தபோது பார்த்தேன்.
தோடு இருந்த துளையில்
வேப்பங்குச்சி.

"நீ சாப்பிடுறியா இதை?"

மூடியின் சீலை நகத்தால் தடவினாள்.
"பிரிச்சா விக்க முடியாதே."

படகுக்காரர் தந்த முன்பணம்
அப்படியே சட்டைப் பையில் இருந்தது.
இரண்டாயிரம் கொடுத்தேன்.
வேண்டாம் என்று சொல்லச் சொல்ல
நூற்றைம்பதை
பத்தும் இருபதுமாய் எண்ணி வைத்தாள்.
பெயின்ட் கையோடு சீலை உடைத்தேன்.
எனக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று.

"எனக்கு எதுக்கு மாமா, இப்பத்தான் அம்பத்திரண்டு."
"முதுநகர்லதானே இருக்கே. முழுங்கு."

கேன் தண்ணீரில் விழுங்கினோம்.
கொஞ்ச நேரத்தில்
இரண்டு பேருக்கும் ஒரே ஏப்பம்,
பல்வலிக்காரன் வாய் மாதிரி கிராம்பு வாசம்.
வாயைப் பொத்திக்கொண்டு
ஐஸ் கம்பெனிப் பக்கம் நடந்தாள்,
பதினொரு பாட்டில் இழுத்த பக்கமாய்
தோள் சாய்ந்து.

நான் மறுபடி படகுக்குக் கீழே போனேன்.
தட்டினேன்.
மணி.
மணி.
மணி.
தொப்.

அந்த இடத்தில்
சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டேன்.