பின்காலடி

அக்டோபர் முழுக்க ஒரு மரத்தை வெட்டிக்கொண்டிருந்தோம்
ப்ர்னோ நகரில், பழைய கம்பளி ஆலையின் மூன்றாம் மாடியில்.
வெள்ளைப் பலகையில் நான் வரைந்த திறன்மரம்:
வாள், கேடயம், வில், வெறுங்கை,
நூற்றுப் பன்னிரண்டு கிளைகள்.
அறுபதைத் தாண்டினால் எவனும் படிக்க மாட்டான்
என்றார் ஒதகார், கோட்டைக் கழற்றாமலே.

முதலில் உதிர்ந்தவை சதவீதங்கள்.
வாள்வீச்சில் ஐந்து சதவீதம் கூடுதல் சேதம்,
பிறகு இன்னும் ஐந்து, பிறகு இன்னும் ஐந்து.
இது வீரமா, குமாஸ்தாவின் ஆண்டு ஊதிய உயர்வா?
திறன் என்றால்
நேற்றுவரை இல்லாத ஒரு வினைச்சொல்
விரலுக்குக் கிடைக்க வேண்டும்.
தட்டு. பிடுங்கு. இடறு.
மண் வாரிக் கண்ணில் எறி.

எண் வேண்டாம் என்றில்லை.
விலை இல்லாத வினை இரண்டே நாளில் சலிக்கும்.
இடறினால் பன்னிரண்டு மூச்சு போகும்,
குறி தவறினால் இருபது.
அந்த எட்டு மூச்சு வித்தியாசத்தில்தான்
பயம் குடியிருக்கிறது.
அதற்காக மூன்று வாரம் தூங்கவில்லை நான்.

கடைசிக் கிளையில் ஒன்று வைத்திருந்தேன்.
பின்காலடி.
எதிரியின் கண்ணைப் பார்த்தபடி ஓரடி பின்வைத்தால்
நான்கு மூச்சு திரும்பும்.
சோதனைக்கு வந்த எண்ணூற்று நாற்பது பேரில்
அதை எடுத்தவர்கள் ஒன்பது பேர்.
எட்டுப் பேர் தெரியாமல் அழுத்திவிட்டு
புள்ளியைத் திருப்பிக் கேட்டிருந்தார்கள்.
வெட்டிவிடு, என்றார் ஒதகார்.

புறமுதுகு என்ற ஒரே சொல்லில்
ஓடுகிறவன் கதையை முடித்துவிடலாம்.
முகம் கொடுத்தபடியே நிலம் கொடுக்கிறவனை
என்னவென்று சொல்வது?
விளக்கப் பெட்டியில் அறுபது எழுத்துக்குத்தான் இடம்.
நான்கு முறை எழுதினேன்.
ஜெர்மன் மொழிபெயர்ப்பு நான்கு முறையும் பெட்டிக்கு வெளியே வழிந்தது.

வெள்ளிக்கிழமை ஸ்பினியெக் பதிந்த பிழை,
எண் 4417:
கொள்ளைக்காரன் உட்கார்ந்துவிடுகிறான்.
தீவிரம்: நடுத்தரம்.

பதிவை ஓடவிட்டோம்.
ஆட்டக்காரர் 212. ஊர் ஒஸ்த்ராவா. வேறு விவரம் இல்லை.
பாலத்தில் தொடங்கி, ஓடைக்கரை வழியாக,
தண்ணீர் ஆலை தாண்டி,
பதினோரு நிமிடம் பின்வாங்குகிறார்.
ஒரு வெட்டும் இல்லை. முதுகும் காட்டவில்லை.
கோடாலியை வீசி வீசித் தொடர்கிறான் கொள்ளைக்காரன்.
அவன் மூச்சு பூஜ்யத்துக்கு வந்ததும்
நிரல் ஓய்வு தேடியிருக்கிறது,
கையில் கிடைத்த ஒரே ஓய்வை எடுத்திருக்கிறது:
இரவு முகாமுக்கு நாங்கள் செய்து வைத்த அசைவு.
சேற்றில் உட்கார்ந்து
இல்லாத கிண்ணத்திலிருந்து அவன் சூப் குடிக்கிறான்.
ஊதி ஊதி.

ஸ்பினியெக் சிரித்தான். நானும்தான்.
212 வாளைத் தாழ்த்தினார்.
ஒரே வெட்டு போதும். வெட்டவில்லை.
அவனைச் சுற்றி ஒருமுறை நடந்தார்.
பையைத் திறந்து
ஒரு ரொட்டியை அவன் முன்னால் போட்டார்.
அவன் எடுக்கவில்லை.
எடுப்பதற்கு யாரும் எழுதி வைக்கவில்லை.
நான்கு நிமிடம் அப்படியே நின்றுவிட்டு
ஆட்டத்தை மூடியிருக்கிறார்.
கருத்துக்கான இடத்தில் ஒரு புள்ளிகூட இல்லை.

அறையில் யாரோ ஹீட்டரைத் தட்டினார்கள்.
ரொட்டியின் எடை எவ்வளவு வைத்திருக்கிறோம்,
என்று கேட்டார் ஒதகார், யாரையும் பார்க்காமல்.

4417 பிழை அல்ல என்று மூடினேன்.
ஓவியர் வெண்டுலாவுக்குப் புதிய வேலை ஒன்று:
கிண்ணம், மரத்தாலானது, விளிம்பு உடைந்தது. அவசரம்.
ரொட்டியை எடுக்கும் கை இன்னொரு வேலை,
அதற்கு ஆள் இல்லை, என் பேரிலேயே போட்டுக்கொண்டேன்.

நான்கு மூச்சு அதிகம்.
இப்படியே விட்டால் எல்லோரும் பின்னோக்கியே
ராஜ்யம் முழுக்க நடந்துவிடுவார்கள்.
மூன்றாக்கினேன்.
இரண்டரையாகவும் இருக்கலாம்.
திங்கட்கிழமை பார்க்கிறேன்.