இருநூற்றுப் பத்தில் இருபத்தொன்று

திருமதி லுடெக் தாளைக் குப்புறப் போட்டு
மேசைமேல் தள்ளினார்,
சீட்டுப் போடுகிறவர் மாதிரி.

இருநூற்றுப் பத்துப் பேரில் இருபத்தொன்று.
கைபேசியில் வகுத்தேன்.
சரியாகப் பத்து சதம்.
புள்ளிக்குப் பின்னால் ஒன்றுமில்லை.

மேற்கு டெக்ஸாஸில்
பருத்திக் காடும் காற்றாலையும் தவிர
வேறொன்றும் நிமிர்ந்து நிற்காத ஊர் எங்களுடையது.
பத்து சதத்துக்குள் வந்துவிட்டால்
பல்கலைக்கழகக் கதவு தானே திறக்கும் என்கிறார்கள்.
நான் உள்ளே இல்லை, வெளியே இல்லை.
வாசற்படியில், ஒற்றைக் காலில்.

அம்மா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்திலிருந்து
வெந்த கையோடு வந்தாள்.
"இருபத்தொண்ணா?
மிச்சம் எழுபத்தொன்பது எங்கே போச்சு?"
அது மார்க் இல்லையம்மா, இடம் என்றேன்.
இடம் என்றால் யாருக்குப் பின்னால் என்று கேட்டாள்.
இருபது பேரின் பெயர் சொன்னேன்.
அதில் ஆறு பேரின் போர்வையை
அவள் துவைத்திருக்கிறாள்.

நான்கு வருடம் டிராம்போன் ஊதினேன்.
நான்கு வருடமும் நூற்றுக்கு நூறு.
அந்த நூறுதான் என்னைக் கீழே இழுத்ததாம்.
கடினப் பாடத்து நூறுக்கு ஐந்து புள்ளி,
பேண்டு வகுப்பு நூறுக்கு நான்கே.
என் சராசரியோ நாலே கால்.
நிறைகுடத்தில் ஊற்றிய நல்ல தண்ணீர்
குடத்தைக் குறைத்துவிட்டது.
"ஊதாமல் இருந்திருந்தால் பதினெட்டு"
என்றார் லுடெக், நிஜமான இரக்கத்தோடு.
ஊதாமல் இருந்திருந்தால்
வெள்ளிக்கிழமை இரவுகளில் நான் யார்
என்று போட அவர் தாளில் கட்டமில்லை.

டிசம்பரில் கோல்பி குபேனா பள்ளிக்கு வருவதை நிறுத்தினான்.
இருநூற்றுப் பத்தாவது ஆள் அவன்.
அந்தத் தாளைத் தன் டிரக்கின் கண்ணாடியில்
உள்பக்கமாக ஒட்டி வைத்திருந்தான்,
எதிரே வருகிற எல்லாரும் படிக்கும்படி.

அன்றிரவு மறுபடி வகுத்தேன்.
இருநூற்று ஒன்பதில் இருபத்தொன்று:
பத்து சதத்துக்கு மேல் ஒரு துளி.
ஒரு கேள்விக்குக்கூட நான் தப்பாய்ப் பதில் எழுதவில்லை.
கடைசியில் நின்றவன் நகர்ந்தான்,
முன்னால் நின்ற நான் விழுந்தேன்.

டயர் கடையில் அவனைப் பிடித்தேன்.
வா, உனக்கு எதிர்காலம் இருக்கிறது என்று
தயார் செய்துகொண்டு போயிருந்தேன்.
"நிஜமா எதுக்கு வந்தே?" என்றான்.
சொல்லிவிட்டேன்.
கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை; பிறகு வந்தது.
"அப்போ மூணு வருஷமா
உன்னைத் தூக்கிப் பிடிச்சது நானா?"
"ஆமாம்."
"கூலி?"
பதில் இல்லை என்னிடம்.
கணக்கெடுப்பு எப்போது என்று மட்டும் கேட்டான்.
ஜனவரிக் கடைசி வெள்ளி.

அன்று வந்தான்.
நகக்கண்ணில் கிரீஸ்.
வருகைப் பதிவில் "இருக்கேன்" என்றான்
வகுப்பே திரும்பும் சத்தத்தில்.
பிறகு மேசைமேல் தலைவைத்துத் தூங்கிவிட்டான்.
பாடம் முழுக்க
அவன் முதுகு ஏறி இறங்குவதைப் பார்த்திருந்தேன்.
அவனை எழுப்ப எனக்கும் தோன்றவில்லை.

மதியம், லுடெக்கின் அறையிலிருந்து
ஒரு பெண் வெளியே வந்தாள்.
ஒடெஸாவிலிருந்து மாற்றலாம். பெயர் இட்ஸெல்.
பழைய பள்ளியின் மதிப்பெண்கள்
இன்னும் வந்து சேரவில்லை.
எனக்கு மேலே அமர்வாளா, கீழே அமர்வாளா,
யாருக்கும் தெரியாது, கணினிக்கும்.

சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னால் நின்றாள்,
தட்டை இரண்டு கையாலும் பிடித்தபடி.
இங்கே உட்காரலாம் என்று நகர்ந்து இடம் விட்டேன்.
பிறகு, வாய் தாங்காமல்,
"பேண்டில் ஏதாவது வாசிப்பாயா?" என்றேன்.

"கிளாரினெட்" என்றாள்,
முகமெல்லாம் மலர்ந்து,
"ஆறு வருஷமா."