அரை ஷேடு

கடையில் ஐந்தே நிறம்தான்.
சிவப்பு, கறுப்பு, நீலம், வெள்ளி, மஞ்சள்.
திருப்பூர்ச் சாயப்பட்டறை லேபில்
ஒரு நாளைக்கு நாற்பது சாம்பலைப் பிரித்துச் சொல்கிறவள்
பல்லடம் ரோட்டில், மதிய வெயிலில்,
ஐந்து டப்பா முன்னால் முழித்துக்கொண்டு நின்றேன்.

"வீட்டுக்காரருக்குங்களா?" என்றார் ஜகபர்.
"வண்டிக்குங்க."

பழைய வேகன் ஆர். எனக்கு விற்ற பையன்
அலாய் வீல் மாட்டி, அதன் சந்தில் தெரியும் காலிப்பருக்கு
கேட்டுக்கு அடிக்கும் எனாமலை அடித்திருந்தான்.
திம்பம் இறங்கி இறங்கி அந்தச் சிவப்பு
வறுத்த காப்பிக் கொட்டையாகிச்
செதில் செதிலாக உதிர்ந்துவிட்டது.
எங்கள் பாஷையில் ஃபாஸ்ட்னெஸ் இல்லாத சரக்கு.

மேல்தட்டில் இன்னொரு டப்பா.
அறுநூறு டிகிரி தாங்கும் என்று போட்டிருந்தது.
இது இருநூற்று அறுபதுதான்.
பெரிய எண்ணைத் தொடப் போன கையை அவர் தடுத்தார்:
"அது சைலன்சருக்குங்க.
சூடு தாங்கும், பிரேக் ஆயில் பட்டா
பால்ல உழுந்த பன்னாட்டம் ஊறிக்கும்."
புரிந்தது.
வெயிலுக்கு நிற்கும் சாயம்
வேர்வைக்கு நிற்காமல் போய்
எத்தனை லாட்டைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

"செவப்பே எடுங்க, எல்லாரும் அதான்."
கறுப்பு எதையும் சொல்லாது.
வெள்ளி பாதி சொல்லும்.
மஞ்சள் ஆர்டர் வந்தால் பட்டறையே பயப்படும்,
ஒரு பொட்டு அழுக்கையும் ஒளிக்கத் தெரியாத நிறம்.
மஞ்சள் எடுத்தேன்.

தாளவாடியில் சனிக்கிழமை சாயங்காலம்.
பூபதி வாத்தியார் கம்பி பிரஷ்ஷால் துரு சுரண்ட,
நான் ரப்பர் உறைக்கும் நிப்பிளுக்கும் டேப் ஒட்டினேன்.
டிஸ்க்கை மூட நியூஸ் பேப்பர் போதவில்லை.
போன வருசத்து ஏழாம் வகுப்பு அறிவியல் விடைத்தாள் வந்தது.
மூன்று கோட்டு, கோட்டுக்குப் பத்து நிமிடம்.
வாரத்தில் ஒன்றரை நாள் சேர்ந்திருக்கிற நாங்கள்
அதில் அரை மணி நேரத்தைப்
பெயிண்ட் காய்வதைப் பார்த்தே கழித்தோம்.
மோசமில்லை.

அப்புறம் ஞாயிறு தோறும் இருபத்தேழு வளைவு.
முன்னால் கரும்பு லாரி, இரண்டாம் கியர்,
பின்னால் ஹார்ன்.
பண்ணாரியில் நிறுத்திக் குத்துக்காலிட்டுப் பார்ப்பேன்.
விபூதி வாங்க இறங்கியவர்கள் என்னைப் பார்ப்பார்கள்.

எட்டாவது வாரம்
இடது பக்கம் என்னவோ போலிருந்தது.
வெளிச்சம் ஏமாற்றும்.
வண்டியைத் திருப்பி நிறுத்தி
அதே வெயிலை அந்தப் பக்கத்துக்கும் காட்டினேன்.
கைப்பையிலிருந்து கிரே ஸ்கேல் அட்டையை எடுத்து
இரண்டுக்கும் பக்கத்தில் பிடித்தேன்.
வலது நாலரை.
இடது நாலு.

சத்தியில் ஆறுச்சாமி பட்டறை.
"ரெண்டும் ஒண்ணாட்டந்தானுங்க்கா இருக்குது."
"இல்லீங்க. அரை ஷேடு பழுப்பு. கழட்டிப் பாருங்க."
கழட்டினார், எனக்காக இல்லை, கூலிக்காக.
உள்ளே பின் வறண்டு இறுகிக் கிடந்தது,
பிடித்ததை விடாமல்.
பேட் ஐந்து ரூபாய்க் காசு கனத்துக்குத் தேய்ந்திருந்தது.

டீசலில் கையைக் கழுவிக்கொண்டே கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.
"நாத்தம் புடிச்சுச் சொல்றவிய இருக்கறாங்க,
சத்தம் கேட்டுச் சொல்றவிய இருக்கறாங்க.
இதென்னங்க கெரகம், நெறம்?"

கிரீஸ் வைத்து, பேட் மாற்றி, வீலை மாட்டும் முன் கேட்டார்:
"மஞ்சக் கொஞ்சம் கெடக்குதுங்க.
எடதுக்கு ஒரு கை அடிச்சு உட்டுரட்டுங்களா?
ரெண்டும் ஒண்ணாட்டம் இருக்கும்."

வேண்டாம் என்றேன்.
டேஷ்போர்டு நோட்டில் தேதி போட்டு எழுதினேன்:
இடது நாலு. வலது நாலரை.
இனி எது நகருகிறது என்று பார்க்க வேண்டும்.

நாளைக் காலை லேபில்
குழந்தை உடுப்புக்கு இளமஞ்சள்,
பன்னிரண்டாயிரம் பீஸ்,
காத்திருக்கிறது.