லாடம்

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில்
பத்தொன்பது வருஷமாக எக்ஸ்ரே எடுக்கிறேன்.
பாதங்களை எனக்கு உள்ளிருந்து தெரியும்:
பஸ் ஏறிய விரல், அம்மிக்கல் விழுந்த விரல்,
கோபத்தில் கதவை உதைத்துவிட்டு
படியில் தடுக்கியதாகச் சொல்லும் விரல்.
என் பாதத்தின் அகலம் என்னவென்று
மைதீன் பிச்சை கேட்டபோதுதான்
முழித்தேன்.

வண்ணார்பேட்டையில் அவர் கடை.
சைக்கிள் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்துப் போட்டு
"ஏறி நில்லுங்க மேடம்" என்றார்.
பென்சில் உள்ளங்கால் வளைவுக்குள் நுழையும்போது கூசியது.
இறங்கிப் பார்த்தால்
தலைகீழ்ப் பூவரச இலை:
காம்புப் பக்கம் விரல்கள், நுனியில் குதிகால்.
"நீளத்துக்கு நாப்பத்தொண்ணு, அகலத்துக்கு நாப்பத்திரெண்டு.
சாயங்காலமா வந்து போட்டுப் பாருங்க,
காலையில இருக்க காலு இல்ல அது."

நான் காலையிலேயே வாங்கினேன்.
வெள்ளை. வார்ப்பட்டைக்குப் பதில் திருகு.
கண்ணாடி முன்னால் நின்றால்
வேறு யாருடையதோ கெண்டைக்கால்.

எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நாலே பேர்.
ஜெபக்கனி கொக்கிக்கட்சி:
"மாட்டிக்கிட்டா வட்டம் முழுக்க நம்ம பெலம்.
மாட்டலன்னா பாதி வீண்."
பேச்சிநாதன் சாரோ ஆணி வைத்த பலகைப் பெடல்.
கணுக்காலுக்கு மேல் ஒன்பது தழும்பு, கேட்டால் நாய் என்பார்.
"என் ரெண்டு காலும் என் பேர்லயே இருக்கட்டும், தாயி."

கொக்கியில் மாட்டுகிற பெடலுக்கு
கிளிப் இல்லாதது என்று பெயர் வைத்தவன்
எந்த ஊர்க்காரனோ.
ஷூவுக்கு அடியில் திருகும் அந்தத் துண்டை
மைதீன் பிச்சை லாடம் என்கிறார்.
அதைப் போட்டுக்கொண்டு டீக்கடைச் சிமெண்டில் நடந்தால்
ஒரு ஆடு தலையைத் தூக்கி
உறவு விசாரிக்கிறது.

வீட்டுச் சுவரைப் பிடித்தபடி முப்பது தடவை பழகினேன்.
குதிகாலை வெளியே திருப்பு: டக்.
குதிகாலை வெளியே திருப்பு: டக்.
பேட்டை தாண்டி ரயில்வே கேட்டில்
சுவர் இல்லை.

நின்ற இடத்தில் விழுவதற்கு ஒரு நிதானம் உண்டு.
வாழைத்தார் ஏற்றிய டாட்டா ஏஸ் பார்த்தது,
கல்யாண வேன் மல்லிகையோடு எட்டிப் பார்த்தது,
செங்கோட்டை பாசஞ்சர் ஜன்னல் ஜன்னலாகப் பார்த்துக்கொண்டே போயிற்று.
நான் இன்னும் விழுந்துகொண்டிருந்தேன்.
வேனுக்குள்ளிருந்து ஒரு பிள்ளை சொன்னது:
"எம்மா, அந்தச் சைக்கிளுக்கு மயக்கம் வந்துட்டு."

திங்கட்கிழமை என் மணிக்கட்டை
நானே மேஜையில் வைத்தேன்.
பொத்தானுக்குப் பக்கத்தில் சொர்ணலதா.
"அசையாதீங்க" என்றாள்,
ஒரு நாளைக்கு எண்பது பேருக்கு நான் சொல்லும் சொல்லை.
எலும்புக்கு ஒன்றுமில்லை.

செருப்புக்குத் தக்கபடி காலைத் தறிக்கலாமா
என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான்.
கடைக் கண்ணாடிக்குத்தான் தெரியாது.
வெள்ளை ஷூவை ஜெபக்கனியின் நாத்தனார்
பாதி விலைக்கு எடுத்துக்கொண்டாள்.

இந்த முறை டூட்டி முடிந்து, வீங்கின காலோடு போனேன்.
சாம்பல் நிறம், அகலம்,
லாடம் அடிப்பள்ளத்துக்குள் ஒளிந்துகொள்ளும் வகை.
நடந்தால் ஆடு திரும்பவில்லை.
பெடலுக்கு இரண்டு முகம்:
ஒருபக்கம் பலகை, மறுபக்கம் கொக்கி.
"ஸ்பிரிங்க காலே காலு திருப்பு தளத்தியிருக்கேன்.
இடது முட்டி வலிச்சா லாடத்தைப் பைய உள்ள சாச்சிக்கிடலாம்."
பேச்சிநாதன் சார் இதைக் கட்சித் தாவல் என்கிறார்.
ஜெபக்கனியும் அதையேதான் சொல்கிறாள்.

கேட்டுக்கு ஒரு பர்லாங் முன்னாலேயே
இரண்டு காலையும் கழற்றிவிடுகிறேன்,
திறந்திருந்தாலும்.

கேட்டுக்கு அப்புறம் வாழைத்தோட்டம்,
மலையிலிருந்து நேரே முகத்துக்கு ஆனி மாசத்து மேகாத்து.
இதற்குத்தானே கொக்கி என்று
முன்பாதத்தால் தடவித் தேடுகிறேன்.
பெடல் புரண்டு புரண்டு
பலகை முகத்தையே காட்டுகிறது.
சரி, இருக்கட்டும்.
சேரன்மகாதேவி இன்னும் ஒன்பது கிலோமீட்டர்.