ஓசூரில் பதினொன்றாம் நாள்

எங்கள் ஊரில் கிழக்கு என்றால் கடல்.
வலை இழுக்கப் போகிறவரும் வீட்டில் சண்டை பிடித்துப் போகிறவரும்
அந்தப் பக்கம்தான் போவார்கள்.
இங்கே பாகலூர் ரோட்டு மூன்றாம் மாடியில்
கிழக்கு ஒரு டயர் குடோன்.
சூரியன் அதன் தகரக் கூரையைத் தாண்டி வர
எட்டு மணியாகிறது.
அதுவரை தை மாதப் பனி.
அதுவரை எனக்கு இரண்டு சோடி காலுறை.

"சொந்த ஊர்?" என்றார் பதிவு அலுவலகத்தில்.
"கல்லடி."
"கல்லடியா? யாருக்கு?"
சிரித்தார். நானும் சிரித்தேன்.
முப்பத்துநாலு வருடம்
அந்தப் பெயருக்குள் ஒரு கல் கிடந்திருக்கிறது,
ஒருநாளும் தடுக்கியதில்லை.
பிறகு குரலைத் தாழ்த்தி, "முகாமா?"
"இல்லை சேர், வேலை.
ரோசாப்பூ. தரம் பிரிக்கிறது."
எதையோ அழித்து எதையோ எழுதினார்.

மளிகைக் கடைக்காரர்
எனக்கு முன்னால் நின்றவளிடம் தெலுங்கில் கேட்டார்,
போனில் கன்னடத்தில் அதட்டினார்,
என்னிடம் தமிழில் "சொல்லுங்க" என்றார்.
சில்லறையை எந்த மொழியில் எண்ணினார் என்று
உதட்டைப் பார்த்தேன். பிடிபடவில்லை.
"சவர்க்காரம்" கேட்டேன்.
சர்க்கரை நிறுத்தார்.
வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.
அன்றைக்கு வெந்நீரில் மட்டும் குளித்தேன்,
தேநீர் நல்ல இனிப்பு.

கேஸ்காரன் போனில் விலாசம் கேட்க
"ஓம், ஓம்" என்றேன்.
"பூஜைல இருக்கீங்களா? அப்புறம் கூப்பிடறேன்" என்று
வைத்துவிட்டான்.
சிலிண்டர் இரண்டு நாள் பிந்தி வந்தது.

வீட்டுக்கார ரத்னம்மா வாசலில் நின்று
"உங்ககிட்ட கொஞ்சம் பேசணும்" என்ற இரவு
நான் தூங்கவில்லை.
எங்கள் வீட்டில் பேசுவது என்றால் திட்டுவது.
காலையில் வந்தாள்: மொட்டை மாடியில் துணி காயப்போட
எனக்குச் செவ்வாயும் வெள்ளியுமாம்.
கையில் ஒரு கிண்ணம், கேழ்வரகுக் களி, கீரை.
நான் மெல்ல மெல்ல அது வாய்க்குள் வளர்ந்தது.
"மெல்லக்கூடாது. முழுங்கு" என்றாள்.
முழுங்கினேன்.
இந்த ஊரில் யாரும் எனக்குத் தந்த
முதல் தெளிவான வழிகாட்டல் அதுதான்.

குளிர் அறையில் எட்டு மணிநேரம்.
காம்பு அறுபது சென்டிமீட்டர், இதழில் கீறல் கூடாது.
மாசி பிறக்குமுன் எல்லாம் விமானம் ஏறவேண்டும்.
பக்கத்து மேசை சஸ்மிதாவுக்கு ஒடியா தெரியும்.
எனக்கு ரோசா தெரியும்.
அது போதுமாக இருக்கிறது, சாப்பாட்டு நேரம் தவிர.

இன்றைக்கு நடந்தது இது.
தண்ணீர் கேன் போடும் பையன், பெயர் மாதேஷ்,
இருபது லிட்டரைத் தோளில் வைத்துக்கொண்டு
இரண்டு இரண்டு படியாகத் தாவி ஏறினான்.
விழுந்துவிடுவானோ என்று மேலிருந்து சத்தம் போட்டேன்:
"ஆறுதலா வா தம்பி, ஆறுதலா!"
மெதுவாக வா என்றுதான்.

அவன் பாதிப் படியில் நின்றான்.
கேனை இறக்கி வைத்தான்.
"உங்களுக்கு யாருக்கா சொன்னாங்க?"

யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்று
நான் சொல்லியிருக்கலாம்.
எங்கள் பக்கம் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் என்று
அகராதி விரித்திருக்கலாம்.
படியில் உட்கார்ந்து
சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தான்.
வியர்வைதான் என்று வைத்துக்கொள்ளலாம்,
அந்தக் குளிரில்.

தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.
சர்க்கரை நிறைய இருக்கிறதே.
அவன் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை.
கீழே அவன் வண்டி இண்டிகேட்டர்
டிக் டிக் என்று இடப்பக்கம் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தது.

பிறகு எழுந்து கேனைத் தூக்கினான்.
மிச்சப் படிகளை
ஒவ்வொன்றாக ஏறினான்.