பதினான்காம் கேள்வி

டாங்கிலாவுக்கு மேற்கே
மழை விட்ட ஒரு செவ்வாய்க்கிழமை போயிருந்தேன்.
படிவம் ரோமில் தட்டச்சாகி
அடிஸ் அபாபாவில் அம்ஹாரிக்காகி
என் பையில் நான்காக மடிந்திருந்தது.

யெஷிவொர்க்கின் வீட்டுக்குப் பின்னால்
சாண எரிவாயுக் கலன்,
மண்ணில் பாதி புதைந்த சிமென்ட் முதுகு.
வடிவம் நேபாளத்தது. வால்வு சீனத்தது.
பணம் நார்வேயிலிருந்து, அதில் பாதி கடன்.
சாணம் மட்டும் உள்ளூர்:
இரண்டு எருது, ஒரு பசு, ஒரு கிடாரி.
நான்கு மாடு இருந்தால்தான் கலன் என்பது விதி.

குமிழைத் திருகினாள். நீலம்.
காபி கொதித்தது.
"இஞ்செரா?" என்றேன்.
சிரித்துக்கொண்டே சுவரில் சாய்த்திருந்த மண்கல்லைக் காட்டினாள்,
இரண்டு கையும் விரித்தால்தான் தூக்க முடியும்.
"நடு கருகும், ஓரம் மாவாகவே நிற்கும்.
நெருப்பு காசளவு. பசி கல்லளவு."
மூன்று நாள் புளித்த டெஃப் மாவை
அந்த அடுப்பை வரைந்தவர்களுக்கு
யாரும் ஊற்றிக் காட்டவில்லை.

பதினான்காம் கேள்வி:
விறகுக்குப் போகும் நேரம், முன்பு? இப்போது?
"நாலு மணி. இப்போ ரெண்டு."
மிஞ்சிய நேரத்தில் என்ன செய்கிறீர்கள்?
அ. வருமானம். ஆ. கல்வி. இ. ஓய்வு.

அவள் கோப்பையைக் கழுவினாள்.
கழுவியதையே திரும்பக் கழுவினாள்.
"அஸ்னாகெச்சும் நானும்தான் போவோம்.
புருஷன் அடித்த கதையை
யூகலிப்டஸ் தோப்பு முடியும்வரை சொல்லிக்கொண்டே வருவாள்.
அவளுக்கு ஒரு மாடுதான்.
இப்போ பாதி நாள் தனியாகப் போகிறாள்.
கதையை யாரிடம் சொல்கிறாளோ."

யூகலிப்டஸுக்கு இங்கே கடல்மரம் என்று பெயர்.
விறகுப் பஞ்சம் தீர
எந்தக் காலத்திலோ கப்பலில் வந்த உதவி.
இன்றைக்கும் பெண்களின் முதுகில்தான் ஏறி வருகிறது.

அ, ஆ, இ. மூன்றிலும் அது அடங்கவில்லை.
ஓரத்தில் எழுதினேன்.
ஓரத்தைக் கணினி வாசிக்காது என்று தெரிந்தே எழுதினேன்.

கிளம்பும்போதுதான் பார்த்தேன்.
கலனிலிருந்து இரண்டாவதாக ஒரு ரப்பர் குழாய்,
சைக்கிள் டியூப் கிழித்துக் கட்டிய இணைப்பு,
முள்வேலிக்கு அடியில் நுழைந்து
அடுத்த வீட்டுக்குள் போனது.
யெஷிவொர்க் என் முகத்தைப் பார்க்கவில்லை.
வேலிக்கு அந்தப் பக்கம்
வறுபடும் காபிக்கொட்டை வாசனை.

பதினைந்தாம் கேள்வி:
வாயுக் கசிவு உண்டா?

இல்லை
என்று அழுத்தி எழுதினேன்.